நட்டது யார், தண்ணீர் ஊற்றியது யார்?

நீலகிரி மாவட்டத்தில் 2022 மே மாதம் ஒரு சின்ன ஏற்பாடு நடைமுறைக்கு வந்தது. டாஸ்மாக் மதுக்கடையில் பாட்டில் வாங்குகிறவர் விலையோடு பத்து ரூபாய் சேர்த்துக் கட்ட வேண்டும். காலிப் பாட்டிலைத் திருப்பிக் கொடுத்தால் அந்தப் பத்து ரூபாய் கைக்கு வந்துவிடும். காட்டுக்குள் வீசப்படும் பாட்டில்கள் உடைந்து யானை உள்ளிட்ட விலங்குகளின் காலைக் கிழிக்கின்றன என்ற விவகாரம் சென்னை உயர் நீதிமன்றத்துக்குப் போனது. நீதிமன்றம் விடாமல் பிடித்ததால் வந்த திட்டம் இது. சில மாதங்களிலேயே, விற்ற பாட்டில்களில் பத்துக்கு ஒன்பதுக்கும் மேல் கடைக்குத் திரும்பின. வனத்தைக் காக்கச் சொல்லும் பலகைகள் அதே சாலையோரங்களில் பல காலமாக நின்றுகொண்டுதான் இருந்தன. நம் குடிமகன்களுக்குத் திடீரென்று இயற்கைமேல் காதல் வந்துவிடவில்லை. ஒருவர் வீசினாலும், பத்து ரூபாய்க்காகப் பொறுக்கியெடுக்க இன்னொருவர் வந்தார். அவ்வளவுதான் நடந்தது.

உள்ளூர் மக்கள் தங்கள் சுற்றுப்புறத்துக்காகச் செய்யும் வேலைகளை மதிப்பிட உட்காரும்போதெல்லாம் இந்தப் பத்து ரூபாய் எனக்கு நினைவுக்கு வருகிறது. தமிழ்நாட்டில் இத்தகைய வேலைகளுக்கு ஆர்வமோ ஆளோ பஞ்சமாக இருந்ததே இல்லை. ஜூன் 5 வந்தால் கன்று நடுகிறோம். மழைக்கு முன்னால் குளம் தூர்வாருகிறோம். ஞாயிற்றுக்கிழமை காலையில் கையுறை மாட்டிக்கொண்டு கடற்கரையில் குப்பை பொறுக்குகிறோம், படமும் எடுத்துக்கொள்கிறோம். பிறகு திங்கட்கிழமை வருகிறது. அன்றைக்கு அந்தக் கன்றும் குளமும் கடற்கரையும் யார் பொறுப்பில் இருக்கின்றன? கடந்த நாற்பது ஆண்டு அனுபவத்தைப் புரட்டிப் பார்த்தால், நிலைத்த முயற்சிகளையும் நீர்த்துப்போன முயற்சிகளையும் பிரிப்பது பெரும்பாலும் இந்தக் கேள்விதான்.

ஏரியிலிருந்து தொடங்கலாம். தமிழ்நாட்டில் சுமார் 39,000 ஏரிகளும் கண்மாய்களும் குளங்களும் இருக்கின்றன. 100 ஏக்கருக்கு மேல் பாசனம் தருபவை நீர்வளத் துறையின் பொறுப்பு. அதற்குக் குறைந்தவை ஊராட்சி ஒன்றியங்களின் பொறுப்பு. தண்ணீரைப் பயன்படுத்துகிற ஊர்க்காரருக்கு இந்தக் கணக்கில் இடம் இல்லை. ஒரு காலத்தில் இருந்தது என்பதற்கு உத்திரமேரூர்க் கல்வெட்டை மேடைதோறும் எடுத்துக்காட்டுவோம். முதலாம் பராந்தகன் காலத்தில், 919, 921ஆம் ஆண்டுகளில் பொறிக்கப்பட்ட அந்தக் கல்வெட்டுகளில் ஏரி வாரியம் என்று ஒரு குழுவே வருகிறது. அது பிரம்மதேய ஊர், வாரியத்தில் இடம்பெற நிலம் வைத்திருக்க வேண்டும் என்பதையும் அதே கல்வெட்டு சொல்கிறது. மேடையில் அந்தப் பகுதி மட்டும் விட்டுப்போகும்.

குடிமராமத்தும் அப்படித்தான். கரையை உயர்த்துவது, வரத்துக்காலை வெட்டிவிடுவது, மடையையும் கலிங்கையும் பழுது பார்ப்பது ஆகிய வேலைகளுக்கு ஆயக்கட்டுதாரர்கள் நிலத்தின் அளவுக்கு ஏற்ப ஆள் அனுப்ப வேண்டும். மடையைத் திறந்து மூட ஊருக்கு ஓர் ஆள் உண்டு. ஒரு பக்கம் நீர்க்கட்டி, இன்னொரு பக்கம் நீர்பாய்ச்சி, தெற்கே மடைக்குடும்பன் என்று பெயர் மாறும். அறுவடையின்போது களத்திலேயே அவருக்கு நெல் அளந்து கொடுப்பார்கள். மீன்பாசிக் குத்தகையும் கரை மரங்களின் வரும்படியும் ஊர்ப் பொதுவுக்குச் சேரும். ஆனால் மண் சுமந்தவர்களும் மடை மூழ்கியவர்களும் பெரும்பாலும் ஒடுக்கப்பட்ட சாதியினர். தண்ணீர் போய்ச் சேர்ந்த நிலம் வேறு சாதியினருடையது. 1858இல் ஆங்கில அரசு மதராஸ் மாகாணத்தில் குடிமராமத்துக்கு ஒரு சட்டம் போட்டபோது அது கட்டாய உழைப்புச் சட்டமாகத்தான் வந்தது. ‘அந்தக் காலத்தில் ஊரே கூடி ஏரியைக் காத்தது’ என்று சொல்கிறவர்கள், ஊர் என்பது யார் என்று ஒருமுறை கேட்டுக்கொள்வது நல்லது.

இந்தக் குறையைச் சொல்லிவிட்டு அந்த ஏற்பாட்டின் வலுவையும் சொல்ல வேண்டும். வேலைக்கு ஓர் ஆள் இருந்தார், ஆளுக்குக் கூலி இருந்தது, அந்தக் கூலிக்கு வரும்படியும் ஏரியிலிருந்தே வந்தது. மின் மோட்டாரும் ஆழ்துளைக் கிணறும் வந்த பிறகு இது உடைந்தது. கிணறு வைத்திருப்பவருக்கு மடை தேவையில்லை. மடை தேவைப்படுகிற சின்ன விவசாயிக்கு ஊரில் குரல் இல்லை. வருமானம் தந்துகொண்டிருந்த மீன்பாசி ஏலம் அரசுக் கணக்குக்குப் போனது. நீர்க்கட்டியின் மகன் திருப்பூருக்குப் போனார். ஏரி பாழாய்ப் போனதற்கு மக்களின் அலட்சியம் காரணம் என்று எழுதுவது சுலபம். அவர்களுக்கு அதில் இருந்த பங்கு முதலில் போனது, அக்கறை பிறகுதான் போனது.

2017 மார்ச்சில் தமிழ்நாடு அரசு குடிமராமத்து என்ற பெயரை மீண்டும் எடுத்தது. காஞ்சிபுரம் மாவட்டத்து மணிமங்கலம் ஏரியில் தொடங்கிய திட்டத்தில் முதல் கட்டமாக 100 கோடி ரூபாயில் 1,519 பணிகள். விவசாயிகள் பத்தில் ஒரு பங்கைப் பணமாகவோ உழைப்பாகவோ தர வேண்டும், பாசனச் சங்கங்களே வேலையை எடுத்துச் செய்ய வேண்டும் என்பது ஏட்டில் இருந்த நல்ல யோசனை. பல ஊர்களில் சங்கம் என்பது ஒப்பந்ததாரரின் கையெழுத்துக்கு ஒரு மறைப்பாக மட்டுமே இருந்தது என்ற புகார் எழுந்தது. உண்மையான சங்கம் இருந்த ஊர்களில் வேலை நன்றாகவே நடந்தது. சங்கம் இருக்கிறதா இல்லையா என்பதைப் பணம் தீர்மானிக்கவில்லை. பணம் வருமுன்பே அது தீர்மானமாகியிருந்தது.

அரசுப் பணத்துக்குக் காத்திராமல் நடந்தவையும் உண்டு. 2018 நவம்பர் 16 அன்று கஜா புயல் காவிரி டெல்டாவின் கடைமடையைப் புரட்டிப்போட்டது. தென்னைகள் வேரோடு சாய்ந்த பேராவூரணிப் பகுதியில், நிவாரண வரிசையில் நின்று சலித்த இளைஞர்கள், அடுத்த ஆண்டே கடைமடைப் பகுதி ஒருங்கிணைந்த விவசாயிகள் சங்கம் என்று ஒன்றைத் தொடங்கி, ஐந்நூறு ஏக்கருக்கும் மேற்பட்ட பேராவூரணிப் பெரிய குளத்தைத் தூர்வாரினார்கள். வெளிநாட்டில் வேலை பார்க்கும் ஊர்க்காரர்கள் பணம் அனுப்பினார்கள். உள்ளூரில் வீட்டுக்கு வீடு வசூலித்தார்கள். கல்லணைக் கால்வாயின் கடைசி முனையில் இருப்பவர்களுக்குத் தண்ணீர் என்பது மேலே இருப்பவர்கள் விட்டால்தான் வரும்; மழையைத் தேக்கினால் மட்டுமே சொந்தம். தேவை இத்தனை கூர்மையாக இருந்ததால் வேலையும் வேகமாக நடந்தது. அங்கே பழகியவர்கள் பிறகு மற்ற ஊர்க் குளங்களுக்கும் போனார்கள்.

கோயம்புத்தூரின் கதை வேறு விதம். நொய்யல் ஆறும் அதன் சங்கிலிக் குளங்களும் விவசாயத்திலிருந்து விலகி நகரத்துக்குள் வந்துவிட்டன. அங்கே 2017இல் உருவான கோவை குளங்கள் பாதுகாப்பு அமைப்பின் வழி எளிமையானது: ஒவ்வொரு ஞாயிறும் களப்பணி. வெள்ளலூர்க் குளத்தில் சீமைக் கருவேலத்தை அகற்றி, ராஜவாய்க்காலைச் சீர்செய்து, நீர் வந்த பிறகு கரையில் காடு வளர்த்தார்கள். ‘இந்த வாரம் வர முடியவில்லை, அடுத்த வாரம் வருகிறேன்’ என்று ஒருவர் சொல்ல முடிவதுதான் இந்த முறையின் பலம். ஆண்டுக்கு ஒருநாள் விழாவைத் தவறவிட்டவருக்கு அடுத்த ஆண்டுதான். வாரந்தோறும் நடக்கும் வேலையில் தவறவிட்டவரும் உறுப்பினர்தான்.

தூர்வாருவதைப் பற்றி ஒரு வார்த்தை. ஜேசிபி வந்து குழி தோண்டினால் வேலை நடந்ததாகக் கண்ணுக்குத் தெரிகிறது. ஆனால் குளம் நிரம்புவது வரத்துக்காலால். அதில் எந்த இடத்தில் வீடு முளைத்திருக்கிறது, எந்த இடத்தில் சாலைக்கு அடியில் குழாய் அடைத்திருக்கிறது என்று நடந்து பார்த்தவர்கள் குறைவு. ஒரே ஆழத்துக்குக் கிண்ணம்போலத் தோண்டிய குளத்தில் நாரைக்கும் உள்ளானுக்கும் நிற்க இடம் கிடையாது. அடியிலிருக்கும் களிமண் படுகையை உடைத்தால் தண்ணீரும் நிற்காது. நகரக் குளங்களைச் சுற்றி நடைபாதையும் வண்ண விளக்கும் போட்டுவிட்டுச் சாக்கடையை உள்ளே விட்டுக்கொண்டிருப்பதையும் சீரமைப்புக் கணக்கில் சேர்க்கிறார்கள். உங்கள் ஊர்க் குளத்துக்கு உதவ நினைத்தால் மண்வெட்டி எடுக்குமுன் வருவாய்த் துறையின் புலப்படத்தைக் கையில் வைத்துக்கொண்டு வரத்துக்கால் நெடுகவும் ஒருமுறை நடந்துவிடுங்கள். கஷ்டமான வேலை என்ன என்பது அப்போது தெரியும். வண்டல் எடுப்பது அதைவிட லேசு; விவசாயிகளும் மண்பாண்டத் தொழிலாளர்களும் கட்டணமில்லாமல் எடுக்க வட்டாட்சியர் அலுவலக அளவிலேயே அனுமதி வாங்க வழி இருக்கிறது.

பங்கு இருந்தால் அக்கறை நிற்கும் என்பதற்குப் பழைய சான்று வேடந்தாங்கல். பறவைகளின் எச்சம் கலந்த ஏரித் தண்ணீர் நெல்லுக்கு உரம் என்பது அந்த ஊர்க்காரர்களுக்குத் தெரிந்திருந்தது. பறவைகளைச் சுட வந்தவர்களைத் தடுக்க, 1798இல் அன்றைய செங்கல்பட்டுக் கலெக்டர் லயோனல் பிளேசிடமிருந்து எழுத்து வாங்கி வைத்துக்கொண்டார்கள். சரணாலயம் என்ற எண்ணமே அரசுக்கு வருவதற்கு ஒரு நூற்றாண்டுக்கு மேல் முந்திய செய்தி இது. சிவகங்கை மாவட்டத்துக் கொள்ளுகுடிப்பட்டியில் உரக் கணக்கோடு பாசமும் சேர்ந்துவிட்டது. வேட்டங்குடிப் பறவைகள் சரணாலயம் 1977இல் அறிவிக்கப்பட்டது. அதற்கும் முன்பிருந்தே ஊரார் தீபாவளிக்கு வெடி வெடிப்பதில்லை. கல்யாணம், திருவிழா, சாவு வீடு எதிலும் வேட்டுச் சத்தம் கிடையாது. இதற்கு எந்தச் சட்டமும் அபராதமும் தேவைப்படவில்லை. பிள்ளைகள் பழகிவிட்டார்கள். இதை எல்லா ஊருக்கும் நகல் எடுக்க முடியும் என்று நான் நினைக்கவில்லை. ஒரு ஊரின் வழக்கமாக ஆவதற்குத் தலைமுறைகள் ஆகின்றன.

நகரத்தில் அப்படிக் காத்திருக்க நேரமில்லை, குப்பை தினமும் சேர்கிறது. 1989இல் எம்.பி. நிர்மல் சென்னையில் தொடங்கிய எக்ஸ்னோரா இந்த வகையில் நாடே திரும்பிப் பார்த்த முயற்சி. ஒரு தெருவில் இருப்பவர்கள் கூடி மாதச் சந்தா போடுவார்கள். அதில் ஒரு மூன்று சக்கர வண்டி வாங்கி, குப்பை பொறுக்கி வாழ்ந்த ஓர் இளைஞருக்குச் சம்பளம் கொடுத்து, வீடு வீடாகக் குப்பை எடுக்க வைப்பார்கள். அவருக்குத் தெரு அழகுபடுத்துபவர் என்று பெயர். சென்னையிலிருந்து பல ஊர்களுக்கு இது பரவியது. தெருவுக்குள் குப்பை வரவில்லை. ஆனால் தெருமுனைத் தொட்டியிலிருந்து மாநகராட்சி எடுக்காவிட்டால் எல்லாம் அங்கேயே மலைபோலக் கிடந்தது. 2000இல் சென்னையின் மூன்று மண்டலங்களின் குப்பை தனியார் நிறுவனத்துக்குப் போனது. வீட்டு வாசலில் வண்டி வரத் தொடங்கியதும் சந்தா கொடுப்பது ஏன் என்ற கேள்வி எழுந்தது. பல தெருக்களில் அமைப்பு மெல்லக் கரைந்தது. சேவை வந்தது நல்லதுதான். ஆனால் தெருவைப் பற்றிக் கூடிப் பேசும் பழக்கமும் அந்த வண்டியோடு போய்விட்டது. அதற்குப் பிறகு குடியிருப்போர் நலச் சங்கங்களின் கூட்டங்களில் குப்பை என்பது புகார், வேலை அல்ல.

2016ஆம் ஆண்டின் திடக்கழிவு மேலாண்மை விதிகள் அந்த வேலையை மறுபடி வீட்டுக்குக் கொண்டுவந்தன. மக்கும் குப்பை, மக்காத குப்பை, வீட்டு அபாயக் கழிவு என்று மூன்றாகப் பிரித்துத் தர வேண்டும் என்றன அந்த விதிகள். 5,000 சதுர மீட்டருக்கு மேற்பட்ட அடுக்ககங்களும் நிறுவனங்களும் மக்கும் குப்பையை இயன்றவரை தம் வளாகத்திலேயே உரமாக்க வேண்டும் என்றும் அவை சொல்லின. எத்தனை அடுக்ககங்கள் செய்தன? பிரித்துக் கொடுத்தாலும் வண்டியில் ஒன்றாகக் கொட்டுகிறார்கள் என்பது எல்லோரும் சொல்லும் சாக்கு. பல இடங்களில் அது சாக்கு மட்டுமல்ல, உண்மையும்கூட. அப்படியானால் மக்கும் குப்பையை வண்டிக்கே கொடுக்காமல் இருப்பதுதான் விடை. வீட்டுக் குப்பையில் எடையில் பாதிக்கு மேல் காய்கறித் தோலும் சாப்பாட்டு மிச்சமும்தான். மொட்டை மாடியில் ஓட்டை போட்ட இரண்டு டிரம், காய்ந்த இலை, கொஞ்சம் புளித்த மோர் போதும். நாற்றம் வந்தால் ஈரம் அதிகம், சருகு போட வேண்டும். இதைத் தவிர அதில் நுட்பம் எதுவும் இல்லை. பெருங்குடிக் குப்பைமேடு பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தின்மேல் உட்கார்ந்திருக்கிறது என்பதை நினைவில் வைத்துக்கொண்டால், தென்சென்னைக்காரர் டிரம்மில் போடும் ஒவ்வொரு வாழைப்பழத் தோலும் சதுப்பு நிலத்துக்குப் போகாத தோல். அந்தச் சதுப்பு நிலம் 2022இல் ஈரநிலங்களுக்கான ராம்சார் பட்டியலில் சேர்ந்தது.

இங்கே ஒன்றைச் சொல்லாமல் போவது நேர்மையாகாது. நாம் ஞாயிற்றுக்கிழமை விருப்பத்தோடு செய்யும் வேலையை மற்ற ஆறு நாளும் தூய்மைப் பணியாளர்கள் வயிற்றுக்காகச் செய்கிறார்கள். ஊராட்சிகளில் தூய்மைக் காவலர்கள் மிகச் சொற்பச் சம்பளத்துக்கு வீடு வீடாகத் தள்ளுவண்டி தள்ளுகிறார்கள். நூறு நாள் வேலையில் குளம் வெட்டியவர்களிலும் நாற்றங்கால் வளர்த்தவர்களிலும் பெரும்பாலோர் பெண்கள். சுற்றுச்சூழல் விருதுகள் பெறுவோர் பட்டியலில் இவர்களைப் பார்ப்பது அரிது. சானிட்டரி நாப்கினைத் தாளில் சுற்றித் தனியாகக் கொடுப்பதும், உடைந்த கண்ணாடியைப் பையில் மறைத்து வைக்காமல் இருப்பதும், இவர்களுக்கு நேரத்துக்குச் சம்பளம் கொடுக்கப்படுகிறதா என்று கிராம சபையில் கேட்பதும் கன்று நடுவதைவிடப் பெரிய பங்களிப்பு என்பேன்.

சட்டம் மட்டும் போதும் என்று நம்புவோருக்கு மழைநீர்ச் சேகரிப்பு ஒரு பாடம். 2003இல் தமிழ்நாடு எல்லாக் கட்டடங்களுக்கும் இதைக் கட்டாயமாக்கியது. இந்தியாவிலேயே முன்னோடி நடவடிக்கை. கெடு வைத்தார்கள், குடிநீர் இணைப்பைத் துண்டிப்போம் என்றார்கள், மாநிலமே குழாய் பதித்தது. அடுத்த சில ஆண்டுகளில் சென்னையில் நிலத்தடி நீர் ஏறியது. பிறகு குழிகளில் மணல் இறுகி, கூழாங்கல்லுக்குள் சேறு அடைத்து, பல வீடுகளில் கீழ்த்தளத்தார் அதன்மேல் சிமென்ட் பூசிக் கார் நிறுத்தினார்கள். 2019 ஜூனில் சென்னையின் ஏரிகள் வறண்டன. ஜூலையில் ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் தண்ணீர் வந்தது. 1,000 சதுர அடி மாடியில் சென்னையின் சராசரி மழையான 1,400 மில்லிமீட்டர் பெய்தால் விழுவது ஏறக்குறைய 1,30,000 லிட்டர். வழியில் போவது போகச் சுமார் ஒரு லட்சம் லிட்டரை மண்ணுக்குள்ளோ கிணற்றுக்குள்ளோ விடலாம். இதற்கு ஆண்டுக்கு ஒருமுறை, ஆடி ஆவணியில், மாடியைக் கூட்டி வடிகட்டியைக் கழுவி, குழியின் மணலை மாற்ற வேண்டும். அரைநாள் வேலை. சட்டம் குழியைத் தோண்ட வைத்தது. அந்த அரைநாளைச் சட்டத்தால் தர முடியவில்லை.

மரம் நடுவதைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. எத்தனை நட்டோம் என்ற எண்ணிக்கை ஆண்டுதோறும் செய்தித்தாளில் வருகிறது; மூன்றாம் ஆண்டில் எத்தனை நிற்கின்றன என்ற எண்ணிக்கை எங்கும் வருவதில்லை. முதல் இரண்டு கோடைக்குத் தண்ணீர் ஊற்ற ஆள் உறுதியான இடத்தில் மட்டும் நடுங்கள். புதிதாக நடுவதற்கு ஈடாக இருப்பதைக் காப்பதும் வேலைதான். மரத்தடியைச் சுற்றிப் பூசிய சிமென்டை உடைத்துவிடுவதும், விளம்பரப் பலகைக்கு அடித்த ஆணிகளைப் பிடுங்குவதும் உடனே பலன் தருபவை. சென்னையில் ‘நிழல்’ போன்ற அமைப்புகள் மரங்களை வகைவாரியாகக் கணக்கெடுக்கப் பொதுமக்களுக்குப் பழக்கிக் கொடுத்திருக்கின்றன. தன் தெருவில் இருப்பது புங்கனா பூவரசா என்று தெரிந்தவர்தான் அது வெட்டப்படும்போது கேட்பார்.

வெட்டுவதிலும் அவசரம் ஆகாது. 2017இல் உயர் நீதிமன்ற மதுரைக் கிளையின் உத்தரவுக்குப் பிறகு சீமைக் கருவேலத்தை ஒழிக்க மாநிலமே அரிவாளோடு கிளம்பியது. அதே ஆண்டில் இடைக்காலத் தடையும் வந்தது. வேரோடு பிடுங்காமல் வெட்டினால் அது இரு மடங்கு தழைக்கும். ராமநாதபுரம் பக்கத்தில் கரி மூட்டம் போட்டுப் பிழைக்கும் குடும்பங்களுக்கு அது மட்டுமே விறகு, அதுவே வருமானம். அகற்ற வேண்டிய மரம் என்பதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. அகற்றிய இடத்தில் அடுத்த வாரமே என்ன நடப்போகிறோம், கரிக்காரர் என்ன செய்வார் என்ற பதில் இல்லாமல் இறங்கியதுதான் தவறு. பனை விதை ஊன்றுவதிலும் இதே சிக்கல் பாதி இருக்கிறது. கல்லூரி மாணவர்கள் குளக்கரைகளில் ஆர்வமாக ஊன்றுகிறார்கள். மாநில அரசும் 2021இல் 76 லட்சம் விதைகள் என்று அறிவித்தது. பனைக்குத் தண்ணீர் ஊற்ற வேண்டாம், ஆடு மேயாது என்பதெல்லாம் சரி. ஆனால் மரம் பயனுக்கு வரும் நாளில் ஏற ஆள் இருக்க வேண்டுமே? பனையேறிகளுக்குப் பாதுகாப்பும் மதிப்பும் கிடைக்காமல் பனை மட்டும் பிழைத்து என்ன பயன்?

இத்தனை நீர்த்துப்போன கதைகளுக்கு நடுவில், முப்பத்தைந்து ஆண்டுகளுக்கும் மேலாகத் தேயாமல் நடக்கும் ஒரு வேலையைப் பார்க்கலாம். சென்னைக் கடற்கரையில் ஜனவரி முதல் ஏப்ரல் வரை இரவில் பங்குனி ஆமைகள் முட்டையிட வருகின்றன. 1970களிலேயே சிலர் இரவில் நடந்து முட்டைகளைப் பாதுகாக்கத் தொடங்கினார்கள். 1988இல் கல்லூரி மாணவர்கள் சேர்ந்து கடல் ஆமைப் பாதுகாப்புக்கான மாணவர் வலையமைப்பை உருவாக்கினார்கள். நீலாங்கரையிலிருந்து பெசன்ட் நகர் வரை இரவெல்லாம் நடக்க வேண்டும். தடத்தைப் பார்த்துக் கூட்டைக் கண்டுபிடித்து, நூற்றுக்கு மேற்பட்ட முட்டைகளை எடுத்துப் பொரிப்பகத்தில் அதே ஆழத்தில் புதைக்க வேண்டும். ஏறக்குறைய 45 நாளில் குஞ்சுகள் வெளிவரும். விட்டுவைத்தால் நாயும் காக்கையும் தின்றது போக மிஞ்சியவை கடலை விட்டுத் தெருவிளக்கை நோக்கிப் போய்விடும். ஒவ்வொரு ஆண்டும் மாணவர்கள் படிப்பு முடித்துப் போகிறார்கள், புதியவர்கள் வருகிறார்கள். மூத்தவர்கள் பழக்கிவிட்டுப் போகிறார்கள். வார இறுதி இரவுகளில் பொதுமக்களும் கூட நடக்கலாம். இந்த முயற்சி ஏன் நிற்கிறது என்று யோசித்தால் விடை எளிது. இன்று இரவு யாராவது நடக்காவிட்டால் இன்றைய முட்டைகள் போய்விடும். ஒத்திப்போட முடியாத வேலைக்கு ஆட்கள் கிடைத்துவிடுகிறார்கள்.

அதன் எல்லையையும் 2025 ஜனவரி காட்டியது. அந்தப் பருவத்தில் சென்னைக் கடற்கரையோரம் ஆயிரத்துக்கு மேற்பட்ட ஆமைகள் செத்து ஒதுங்கின. கரையிலிருந்து ஐந்து கடல் மைலுக்குள் இழுவலை போடக் கூடாது என்ற விதி மீறப்பட்டதைத் தன்னார்வலர்கள் எத்தனை இரவு நடந்தாலும் தடுக்க முடியாது. ஆனால் எந்தக் கரையில், எந்தத் தேதியில், எத்தனை ஆமைகள் என்று அவர்கள் எழுதிவைத்திருந்த குறிப்புகள் இருந்ததால்தான் அரசும் பசுமைத் தீர்ப்பாயமும் இதைப் பேச வேண்டியதாயிற்று. பொங்கல் பறவைகள் கணக்கெடுப்பின் பயனும் இதுதான். 2015இலிருந்து ஆண்டுதோறும் பொங்கல் நான்கு நாட்களில் யார் வேண்டுமானாலும் தங்கள் வீட்டு மாடியிலோ கண்மாய்க் கரையிலோ குறைந்தது பதினைந்து நிமிடம் நின்று பார்த்த பறவைகளை இணையத்தில் பதிவிடுகிறார்கள். காசு செலவில்லை, காக்கையும் மைனாவும் கணக்கில் சேர்த்தி. உடல் உழைப்புக்கு வர முடியாத பெரியவர்களுக்கு இதைவிட நல்ல நுழைவாயில் இல்லை.

பதிவின் பலம் முழுதாகத் தெரிந்தது மேலூர் பக்கத்து அரிட்டாபட்டியில். ஏழு குன்றுகள், அவற்றின் அடியில் சுனைகளும் குளங்களும், பாண்டியர் காலத்து ஆனைகொண்டான் ஏரி, குடைவரைக் கோயில், சமணப் படுக்கைகள், லகர் வல்லூறு, தேவாங்கு, எறும்புத்தின்னி. உள்ளூர் ஆர்வலர்கள் பல ஆண்டு பார்த்துக் குறித்தவற்றில் 250 வகைப் பறவைகள். 2022 நவம்பரில் அரிட்டாபட்டி, மீனாட்சிபுரம் ஊர்களின் 193 ஹெக்டேர் தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அறிவிக்கப்பட்டது. இரண்டே ஆண்டில், 2024 நவம்பரில், அந்தப் பகுதியையும் உள்ளடக்கிய சுமார் 5,000 ஏக்கரில் டங்ஸ்டன் சுரங்கத்துக்கு ஏலம் முடிந்தது என்ற செய்தி வந்தது. அதே மாதம் கூடிய கிராம சபைகளில் ஊர் ஊராக எதிர்ப்புத் தீர்மானம் போட்டார்கள். டிசம்பர் 9 அன்று சட்டமன்றம் தீர்மானம் போட்டது. 2025 ஜனவரி 7 அன்று மேலூர்ப் பகுதி மக்கள் மதுரைக்கு நடந்தார்கள். ஜனவரி 23 அன்று மத்திய அரசு ஏலத்தை ரத்துசெய்தது. கூட்டம் பெரிதாக இருந்தது, கட்சிகளும் வந்து சேர்ந்துகொண்டன, எல்லாம் சரி. ஆனால் அந்தக் கூட்டத்தின் கையில் ஓர் அரசாணையும் பறவைப் பட்டியலும் கிராம சபைத் தீர்மானங்களும் இருந்தன. வெறும் கையோடு நடந்த எத்தனையோ ஊர்வலங்கள் இப்படி முடியவில்லை.

2002ஆம் ஆண்டின் உயிரியல் பன்முகத்தன்மைச் சட்டப்படி ஒவ்வொரு உள்ளாட்சியிலும் பல்லுயிர் மேலாண்மைக் குழுவும் மக்கள் பல்லுயிர்ப் பதிவேடும் இருக்க வேண்டும். பெரும்பாலான ஊர்களில் குழு காகிதத்தில் இருக்கிறது. பதிவேடு யாரோ வெளியாள் வந்து நிரப்பியதாக இருக்கிறது. அதில் உங்கள் ஊர்ப் பாட்டிக்குத் தெரிந்த மூலிகையும், கோயில் காட்டின் மரமும், மீனவருக்குத் தெரிந்த கெளுத்தி வகைகளும் ஏறியிருக்கின்றனவா என்று பாருங்கள். 2022 முதல் தமிழ்நாட்டில் கிராம சபை ஆண்டுக்கு ஆறு முறை: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. 2025 ஜனவரியில் பல மாவட்டங்களில் ஊராட்சிகளின் பதவிக்காலம் முடிந்து தனி அலுவலர்கள் பொறுப்பேற்றபோதும் சபையைக் கூட்டும் கடமை நீங்கவில்லை. நகரங்களில் 2022 நவம்பர் 1 முதல் பகுதி சபை என்று ஒன்று இருக்கிறது. தன் வார்டில் அது எங்கே கூடுகிறது என்று தெரிந்தவர்கள் நூற்றில் ஒருவர் இருந்தால் ஆச்சரியம்.

எனவே, கன்று நடப்போகும் நண்பர்களே, அதைத் தடுக்கவில்லை. அதோடு அடுத்த கிராம சபைக்கோ பகுதி சபைக்கோ போங்கள். பல்லுயிர்ப் பதிவேட்டை மேசைமேல் வைக்கச் சொல்லுங்கள். குளத்து மீன்பாசி ஏலப் பணம் எந்தக் கணக்கில் போகிறது, அதில் எவ்வளவு குளத்துக்குத் திரும்பியது என்று எழுத்தில் கேளுங்கள். உங்கள் கேள்வி தீர்மானப் புத்தகத்தில் ஏறிய பிறகு மட்டும் வருகைப் பதிவேட்டில் கையெழுத்துப் போடுங்கள்.